புயலும் பொறுப்பும்: ஓர் அறவியல் நோக்கு

புயலும் வெள்ளமும் வந்து நீங்கியபின் நாம் வழக்கமாகக் கையாளும் தொடர் ஒன்றுண்டு. “இயற்கையின் சீற்றம்” என்பதே அத்தொடர். செய்தித்தாள்கள், மேடைப் பேச்சுக்கள், நிவாரண அறிக்கைகள் ஆகிய யாவற்றிலும் இது தயக்கமின்றி இடம்பெறுகின்றது. சீற்றம் என்பது மனமுடைய உயிர்களின் குணம். காற்றுக்கும் நீருக்கும் மனம் இல்லை என்பதைப் பாடசாலை மாணவனும் அறிவான். அவ்வாறாயின் இத்தொடர் இன்றும் நிலைத்திருப்பது ஏன்? அது வெறும் அணிநயந்தானா? அன்றி, அதனால் நமக்கு ஏதேனும் வசதி கிடைக்கின்றதா? இக்கேள்வி சொல்லாராய்ச்சியைச் சார்ந்தது போலத் தோன்றினும் உண்மையில் அறவியலைச் சார்ந்தது. சீற்றம் இயற்கையினுடையது என்று முடிவு செய்துவிட்டால், விளைந்த துன்பத்துக்கு மனிதர் எவரும் பொறுப்பாளர் அல்லர் என்பதும் உடன் முடிவாகிவிடுகின்றது. இம்முடிவு சரியானதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அறவியல் வினாக்களை வெறும் கருத்துலகில் நின்று ஆராய்வதிலும் ஓர் ஊரின் மண்ணிலே நின்று ஆராய்வது தெளிவு தரும். ஆதலின் காரைநகரை நம் கண்முன் நிறுத்திக்கொள்வோம்.

முன்னர் காரைதீவு என வழங்கப்பெற்ற காரைநகர், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமேற்கே அமைந்த தீவு. பொன்னாலையிலிருந்து ஆழமற்ற நீர்ப்பரப்பினூடாகச் செல்லும் வீதி ஒன்றே அதனைக் குடாநாட்டுடன் தரைவழியாக இணைக்கின்றது. ஒருபுறம் திறந்த கடல், மறுபுறம் கடனீரேரி. தெற்கே ஒடுங்கிய நீர்வழியைக் கடந்தால் ஊர்காவற்றுறை, இடையிலே கடற்கோட்டை. நிலம் கடல்மட்டத்திலிருந்து மிகச் சில மீற்றர்களே உயர்ந்தது. ஆறு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. வானம் தரும் நீரைக் குளத்திலும் வயலிலும் மண்ணின் அடியிலும் தேக்கி வாழ்வதே இவ்வூர் வாழ்வு. இத்தகைய தீவுகளில் நிலத்தடி நன்னீர் உவர்நீரின்மீது மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்கின்றது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்திருப்பின், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது புவிச்சரிதவியலாளர் கூறும் பொது விதி. அந்த ஓரடி குறையுமாயின் உவர்நீர் கீழிருந்து மேலெழும். கிணறுகள் உவராகிக் குடிநீரைப் பிற இடங்களிலிருந்து கொண்டுவர வேண்டியிருப்பது இவ்வூர் நெடுங்காலமாக அனுபவித்துவரும் இடர். ஆகவே மழை இங்கே அழிவுக்கு உரியதாக எண்ணப்படும் பொருளன்று. ஆண்டு முழுவதும் எதிர்பார்க்கப்படும் செல்வம். வள்ளுவர் கடவுள் வாழ்த்தையடுத்து வான்சிறப்பை வைத்த முறையின் பொருத்தத்தை விளக்க வேறு உரை இவ்வூரார்க்கு வேண்டியதில்லை.

இச்செல்வம் வருங்காலம் ஐப்பசி முதல் மார்கழி வரை. அதே காலத்திலேதான் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் தோன்றுகின்றன. அவற்றுட் சில சூறாவளிகளாக வலுப்பெறுகின்றன. சூறாவளி அண்மையில் வரும்பொழுது இரண்டு செயல்கள் ஒருங்கே நிகழலாம். வானத்திலிருந்து சில மணி நேரத்துள் பெருமழை கொட்டுகின்றது. காற்றின் தள்ளுதலாலும் அமுக்கக் குறைவாலும் கடலினதும் கடனீரேரியினதும் நீர்மட்டம் உயர்கின்றது. நிலத்து நீர் கடலை நோக்கி வடியவேண்டிய வேளையில் கடல் அதனை ஏற்க மறுக்கின்றது. ஆகவே இங்குள்ள வெள்ளம் கரைபுரண்டு ஓடிவரும் ஆற்று வெள்ளமன்று. போக இடமின்றி நின்றுவிட்ட நீர். அது நிற்பதற்குத் தெரிவு செய்யும் இடம் எது என்பதே நம் ஆராய்ச்சியின் மையம்.

வரலாறு நமக்குப் போதிய சான்றுகளைத் தருகின்றது. 1964 டிசம்பர் 22, 23 ஆம் திகதிகளில் இலங்கையின் வடபாகத்தைக் கடந்து பாக்குநீரிணையில் வீசிய சூறாவளி, எதிர்க்கரையிலிருந்த தனுஷ்கோடியை மனிதர் வாழாத மணற்றிடல் ஆக்கியது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி ஒன்றை அதன் பயணிகளுடன் கடல் கொண்டது. 1978 நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பு வாவியின் இருகரை ஊர்களையும் சூறாவளி சிதைத்தது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2008 நவம்பர் 25 ஆம் திகதியளவில், பின்னர் ‘நிஷா’ எனப் பெயர்பெற்ற தாழமுக்கம் யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் மழையைப் பெய்வித்தது. ஆண்டொன்றுக்குச் சராசரியாக 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழை பெறும் பிரதேசத்துக்கு இது ஓராண்டு மழையின் கால்பங்குக்கும் மேலாகும். அப்பொழுது போர் நடந்துகொண்டிருந்தது. 2006 ஆகஸ்ட் முதல் ஏ9 வீதி மூடப்பட்டிருந்தமையால் உணவும் மருந்தும் கடல்வழியாகவும் வான்வழியாகவுமே வரவேண்டியிருந்தன. 2020 டிசம்பரில் ‘புரெவி’ வந்தது. 2024 நவம்பர் இறுதியில் ‘பெங்கல்’ எனப் பெயர்பெறவிருந்த தாழமுக்கம் மீண்டும் குடாநாட்டை நீரில் நிறுத்தியது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ நாடு முழுவதையும் தாக்கியது. அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பலர் மலையகத்தின் மண்சரிவுகளிலே புதையுண்டோர்.

இவ்வழிவுகளுக்கு விளக்கம் தேடிய மனித மனம் பெரும்பாலும் இரண்டு விடைகளுள் ஒன்றைத் தழுவியுள்ளது. முதலாவது, துன்பம் ஒரு தண்டனை என்பது. இரண்டாவது, துன்பம் வெறும் தற்செயல் என்பது.

முதலாவது விடை நம் காலத்துக்கு அண்மையிலேயே பெரியார் இருவரிடையே ஒரு விவாதத்தை எழுப்பியது. 1934 சனவரி 15 ஆம் திகதி பீகாரிலும் நேபாளத்திலும் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் பல்லாயிரவர் மாண்டனர். தீண்டாமை ஒழிப்புக்காக அவ்வேளை தமிழ்நாட்டிலே சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் விதித்த தண்டனையே அது எனக் கூறினார். தீண்டாமையை அவரைப் போலவே வெறுத்த தாகூர் இதனை ஏற்க மறுத்தார். பௌதிக நிகழ்ச்சிகளுக்குப் பௌதிகக் காரணங்களே உண்டு என்பதும், அறநெறியை அண்டத்தின் விபத்துக்களுடன் பிணைப்பது பகுத்தறிவைக் குலைக்கும் என்பதும் அவர் கருத்து. தாகூரின் மறுப்பும் காந்தியடிகளின் விடையும் அவ்வாண்டு பெப்ரவரியில் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியாயின.

இவ்விவாதத்தில் தருக்கம் தாகூரின் பக்கமே நிற்கின்றது. தீண்டாமைக்குத் தண்டனை எனின், அத்தண்டனை தீண்டாமையை இழைத்தவனையும் அதனால் இழிவுற்றவனையும் வேறுபாடின்றிக் கொல்லுதல் எங்ஙனம் பொருந்தும்? இதே வினா நம்மவர் சொல்லும் ஊழ்வினைக்கும் உரியது. ஆயினும் ஈண்டு ஒரு வேறுபாட்டைக் கருதுதல் நன்று. துன்புற்ற ஒருவன், “இது என் வினை” என்று தனக்குத்தானே கூறிக்கொள்வது வேறு. துன்புறாத ஒருவன், “அது உன் வினை” என்று அவனுக்குக் கூறுவது வேறு. முன்னையது தாங்கும் ஆற்றலைத் தரலாம். பின்னையது உதவாமைக்கு ஒரு சாக்கு. சொல் ஒன்றே, சொல்பவன் மாறும்போது அதன் அறமும் மாறுகின்றது. நம் சைவ மரபும் இதனை அறிந்தே இருந்தது. திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபொழுது சம்பந்தரும் அப்பரும் பசித்தோர்க்கு வினைக்கொள்கையை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. படிக்காசு பெற்று அமுதளித்தனர் என்பதே பெரியபுராணம் கூறும் செய்தி. வினையை முழுதும் நம்பிய மரபு தன் அடியவர் கையில் உழவாரப்படையையும் கொடுத்திருந்தது.

இரண்டாவது விடையை நோக்குவோம். 1755 நவம்பர் 1 ஆம் திகதி லிஸ்பன் நகரை நிலநடுக்கமும் கடற்பேரலையும் தீயும் அழித்தன. உலகம் நன்மைக்காகவே அமைந்தது என்ற கொள்கையை வால்த்தேர் இதனைக் காட்டிக் கேள்விக்குள்ளாக்கினார். 1756 ஆகஸ்டில் அவருக்கு எழுதிய கடிதத்தில் ரூசோ வேறொரு திசையைச் சுட்டினார். ஆறேழு மாடிகள் கொண்ட இருபதினாயிரம் வீடுகளை அவ்விடத்திலே நெருக்கிக் கட்டியது இயற்கையன்று என்பது அவர் வாதம். நிலம் நடுங்குவது இயற்கை. நடுங்கும் நிலத்தின்மீது எதனை, எவ்வாறு அடுக்கி வைத்தோம் என்பது மனிதர் செயல். பேரழிவைத் தெய்வத்திடமிருந்தும் தற்செயலிடமிருந்தும் மீட்டு மனித சமுதாயத்தின் கணக்கிலே சேர்த்த தொடக்ககாலச் சிந்தனைகளுள் இது முக்கியமானது.

எனினும் ரூசோவின் வாதத்தை அரைகுறையாக எடுத்துக்கொள்வோமாயின் அது மற்றொரு கொடுமைக்கு வழிவகுக்கும். “கரையிலே ஏன் குடியிருந்தாய்? பள்ளக் காணியிலே ஏன் வீடு கட்டினாய்?” என்று பாதிக்கப்பட்டவனையே குற்றவாளியாக்கிவிடலாம். கடற்றொழிலாளி கரையிலே வாழ்வது அறியாமையால் அன்று; அவன் தொழில் அங்கே உள்ளது. நிலமற்றவன் பள்ளத்திலே குடியேறியது விருப்பத்தால் அன்று; மேட்டு நிலம் முன்னரே பிறர் உறுதிகளில் அடங்கிவிட்டது. யாழ்ப்பாணச் சமுதாயத்தில் மேட்டுக்காணியும் நல்ல கிணறும் யாரிடம் இருந்தன, குடியிருக்கும் நிலமும் பிறர்க்குரியதாய் வாழ்ந்தோர் யாவர் என்பதைச் சாதியமைப்பை விலக்கிவைத்து விளக்க முடியாது. 1960களின் பிற்பகுதியிலே தேநீர்க்கடைகளிலும் கோயில் வாயில்களிலும் நிகழ்ந்த போராட்டங்களை அறிந்தோர் இதனையும் அறிவர். கோடையிலே நல்ல நீர் எவருக்கு மறுக்கப்பட்டதோ, மாரியிலே கெட்ட நீர் அவர் வாயிலுக்கே முதலில் வந்தது. மலையகத்தின் சரிவுகளிலே லயன் அறைகளை அமைத்தவர் அங்கு வாழும் தொழிலாளர் அல்லர். தோட்ட நிர்வாகங்களே அவற்றை அமைத்தன.

இப்பொழுது காந்தியடிகளின் கூற்றை மீண்டும் நோக்கலாம். தீண்டாமை புயலைக் கொண்டுவருவதில்லை. இதில் தாகூரே சரி. ஆனால் வந்த புயலின் வெள்ளம் யார் வீட்டுக்குள் நிற்கும் என்பதைத் தீண்டாமையும் வறுமையும் நிலவுடைமையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. சமுதாயத்தின் அநீதிக்கும் பேரழிவுக்கும் தொடர்பு உண்டு என்ற அளவிலே காந்தியடிகளின் உள்ளுணர்வு முற்றிலும் வெறுமையானதன்று. அத்தொடர்பை அவர் வானத்திலே தேடினார். அது நிலத்தின் உயர தாழ்விலே எழுதப்பட்டிருந்தது. காற்று வீசும் திசையில் அநீதி இல்லை. நீர் நிற்கும் இடத்தில் இருக்கின்றது.

இவ்வளவும் பழைய அநீதியைப் பற்றியது. ஆனால் வெள்ளம் இன்றைய நல்லவர்களாலும் உண்டாக்கப்படுகின்றது என்பதே அறவியலுக்கு அரிய சிக்கல். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். இரண்டு பரப்புக் காணியிலே வீடு கட்டும் ஒருவன் தன் வளவை வீதி மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்த்துகின்றான். அது அவன் உரிமை. பிள்ளைகுட்டிகள் நனையாதிருக்க அவன் எடுக்கும் நியாயமான முயற்சி. அவனுக்கு முன்னிருந்தோர் கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்டுக் கிடுகோ பனையோலையோ கட்டிய வேலியினூடாக மழைநீர் அயல்வளவுக்கும் அப்பாலுள்ள வாய்க்காலுக்கும் கசிந்து சென்றது. இவன் சீமெந்து மதில் எழுப்புகின்றான். மதில் காவலுக்காக எழுந்தது. நீரைத் தடுக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை. இவ்வாறு ஒருவன் செய்தால் அயலவன் முற்றத்திலே விரலளவு நீர் கூடும். நூறுபேர் செய்தால் நூற்றோராவது குடிசைக்குள் இடுப்பளவு நீர் நிற்கும். அந்நீருக்கு யார் பொறுப்பு? நூறுபேரிடமும் தனித்தனியே கேட்டால், “நான் போட்டது சில பாரம் மண்தானே” என்பர். ஒவ்வொருவர் கூற்றும் உண்மை. ஆயினும் நூறு உண்மைகளின் கூட்டுத்தொகையாக ஒரு வீடு மூழ்கிவிட்டது.

இச்சிக்கலைத் தீர்க்கப் பழி என்பதையும் பொறுப்பு என்பதையும் வேறுபடுத்தல் வேண்டும். பழி பின்னோக்கிப் பார்ப்பது, ஒருவனைத் தேடுவது, அவன் எண்ணத்தை விசாரிப்பது, அவன் கிடைக்காவிடின் வெறுங்கையுடன் திரும்புவது. வெள்ளத்தைப் பொறுத்தவரை பழி எப்பொழுதும் வெறுங்கையுடனேயே திரும்பும். ஏனெனில் இங்கே தீய எண்ணமுடையோன் பெரும்பாலும் இல்லை. பொறுப்பு முன்னோக்கிப் பார்ப்பது. “யார் செய்தான்?” என்பதன்று அதன் வினா, “இதில் என் பங்கு என்ன, இனி நான் செய்யவேண்டியது என்ன?” என்பதே. பழியற்றவனுக்கும் பொறுப்பு உண்டு. குற்றவாளி எவனும் இல்லை என்பதனால் கடமையும் இல்லை என்று முடிவு கட்டுவதே “இயற்கையின் சீற்றம்” என்னும் தொடர் நமக்குச் செய்துதரும் வசதி. நூறுபேரும் அத்தொடருக்குள் ஒதுங்கிக்கொள்ளலாம். நூற்றோராமவனுக்கு மட்டும் அதற்குள்ளே இடமில்லை.

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் எழலாம். தன் வீட்டைக் காப்பது ஒருவனின் முதற்கடமையன்றோ என்பது முதல்வாதம். கடமைதான், அதனை மறுப்பார் இல்லை. ஆனால் நிலத்துக்கு எல்லை உண்டு. நீர் அவ்வெல்லையை அறியாது. இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதப்படும் வழக்கத்தை எண்ணிப் பார்க்கலாம். ஒரு காணி தன்னளவில் முழுமையானதன்று, அயலவன் நடக்கவும் நீர் செல்லவும் இடம் விட்ட பின்னரே அது முழுமையாகும் என்ற வாழ்க்கைநோக்கு அதனுள் அடங்கியுள்ளது. நமக்கு வாய்த்த இழப்பு வாய்க்கால்களின் இழப்பு மட்டுமன்று. இந்நோக்கின் இழப்பும் ஆகும்.

ஊரிலே இல்லாதவனுக்கு என்ன பொறுப்பு என்பது இரண்டாவது வாதம். காரைநகரைப் பொறுத்தவரை இது கற்பனை வினாவன்று. போரினால் இவ்வூரவர் பெருந்தொகையினராக இடம்பெயர்ந்தனர். பலர் கொழும்புக்கும் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்று அங்கேயே நிலைத்தனர். ஊரின்மேல் அவர்கள் கொண்ட பற்று மெய்யானது. கோயில்களும் பாடசாலைகளும் அதற்குச் சான்று. ஆயினும் பூட்டிய வளவினுள்ளே தூர்ந்துபோன வாய்க்காலுக்கும் உடைமையாளன் ஒருவன் உண்டு. தூரம் துயரத்தைத் தணிக்கலாம், உடைமையைத் தணிப்பதில்லை. காணியை விற்காது வைத்திருப்போர் அதனூடாகச் செல்லும் நீரையும் சேர்த்தே வைத்திருக்கின்றனர். கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு சிறுபங்கு மதகுக்கும் செல்லுமாயின் அதுவும் திருப்பணியே.

புயல்கள் வலுப்பெறுவது உலகளாவிய மாற்றம், சிற்றூர் அதற்கு என் செய்யும் என்பது மூன்றாவது வாதம். இதில் உண்மையுண்டு. வளிமண்டலம் ஒரு பாகை செல்சியஸ் வெப்பமுறின் ஏறத்தாழ 7 வீதம் மிகையான நீராவியைத் தாங்கவல்லது. ஆகவே சூறாவளி கொண்டுவரும் மழையும் மிகுகின்றது. கடல்மட்டமும் உயர்ந்து வருகின்றது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்துச் செல்வம் பெருக்கிய நாடுகளின் புகை, அச்செல்வத்தைக் காணாத தீவுகளின் வாயிலிலே நீராக வந்து நிற்கின்றது. இதுவரை காற்றுக்கு உடையவர் இல்லை என்று வாதித்தோம். இனி அக்காற்றிலும் மனிதர் கைக்கு ஒரு பங்குண்டு என்று திருத்திக்கொள்ள வேண்டியுள்ளது. ஆனால் இங்கு நாம் காண்பது என்ன? வளவை உயர்த்தியோன் கூறிய அதே விடையையே வல்லரசும் கூறுகின்றது. “என் பங்கு சிறிது, நான் தீங்கு கருதவில்லை, இது என் உரிமை.” அயல்வளவைப் பற்றிய அறமும் அயல்நாட்டைப் பற்றிய அறமும் ஒன்றே. தன் மதிலடியிலே ஒரு துவாரம் விடச் சம்மதியாதவன் உலகமாநாடுகளிடம் நீதி கேட்பதில் வலுவிருக்காது. வல்லரசுகளிடம் நீதி கேட்பது நம் உரிமை; அவ்வுரிமையை உறுதியாகக் கேட்பதற்கேனும் நம் ஒழுங்கையில் நாம் நேர்மையாய் இருத்தல் வேண்டும்.

பொறுப்பு என்பது உணர்ச்சியாக மட்டும் நின்றுவிடின் பயனில்லை. அது சில வெளிப்படையான செயல்களாதல் வேண்டும். நீரின் பழைய பாதைகளை அறிந்த முதியோர் இருக்கும்பொழுதே அவற்றைக் கேட்டு வரைந்துகொள்ளுதல் ஒன்று. புவியியல் பயிலும் மாணவர்க்கு இதனிலும் சிறந்த களப்பயிற்சி வாய்ப்பது அரிது. குளங்களையும் வாய்க்கால்களையும் மாரிக்கு முன்னரே தூர்வாருதல் மற்றொன்று. ஈண்டு தீவின் தனித்தன்மையை மறத்தலாகாது. நீரை விரைந்து கடலுக்கு அனுப்புவது மட்டும் தீர்வாகாது. கார்த்திகையில் வெள்ளம் என்று விரட்டப்படும் நீரே ஆடியில் குடிநீர் என்று தேடப்படும் நீர். பள்ளத்து வீட்டைக் காத்து அந்நீரைக் குளத்துக்குச் சேர்ப்பவன் இரண்டு பருவங்களுக்கும் கடமையாற்றுகின்றான். நிவாரணம் பற்றிய நம் எண்ணத்தை மாற்றிக்கொள்வது மூன்றாவது. பாடசாலை மண்டபத்திலே பாயும் அரிசியும் பெற நிற்போரை நாம் இரக்கத்துடன் நோக்குகின்றோம். ஊர் முழுவதன் நீரையும் தம் வீட்டிலே தாங்கிக்கொண்டோர் அவர்கள். மேட்டு நிலத்தவர் உலர்ந்திருப்பது பள்ளத்தவர் நனைந்தமையாலேயே எனின், அவர்களுக்குச் சேர்வது தருமமன்று, கடன் தீர்த்தல். கொடுப்போர் கை உயர்ந்ததாகவும் பெறுவோர் கை தாழ்ந்ததாகவும் எண்ணும் மனப்பான்மைக்கு இங்கே இடமில்லை.

எனவே, நாம் தொடங்கிய வினாவுக்கு விடை தெளிவாகின்றது. புயல் தண்டனையன்று; ஆயினும் அதன் வெள்ளம் வெறும் தற்செயலும் அன்று. அது நம் நிலப்பங்கீட்டின், நம் மதில்களின், நம் மறதியின் அளவுகோல். வரும் கார்த்திகையிலும் வங்கக்கடலில் தாழமுக்கம் தோன்றும். அதற்கு ஒரு பெயரும் இடப்படும். அதன் பாதையை மாற்றும் வல்லமை நமக்கில்லை. ஆனால் அது பெய்துவிட்டுச் செல்லும் நீர் யாருடைய முற்றத்தில் நிற்கப்போகின்றது என்பது, மண் உலர்ந்து கிடக்கும் கோடை நாள்களிலேயே, மண்வெட்டி பிடிக்கும் கைகளாலும் பிடிக்காத கைகளாலும் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது.